பேக்கரி மாஸ்டரின் மகளுக்குப் பால் ஆகாது

ஓவனிலிருந்து பன் தட்டு வெளியே வந்ததும் பன்னைத் தொடும் உரிமை அந்தக் கடையில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. தட்டை இழுத்து மேசையில் வைப்பது ஓவன் அண்ணனின் வேலை. அதற்குள் மாஸ்டர் வந்து நின்றிருப்பார். இடது கையில் உருக்கிய வெண்ணெய்க் கிண்ணம், வலது கையில் பட்டைப் பிரஷ். சூடு தணியும் முன் ஒரு பூச்சுப் பூசினால்தான் பன்னுக்குப் பளபளப்பு வரும், மேல்தோல் காய்ந்துபோகாமல் மெத்தென்று இருக்கும். மாஸ்டர் அந்தப் பூச்சைப் பார்த்துப் பூசுவதில்லை. ஓவன் அண்ணனோடு வம்பு பேசிக்கொண்டே, கண்ணாடிக் கதவு வழியே தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே, ஒரு பன்னைக்கூட விடாமல் பூசி முடித்துவிடுவார். "மாஸ்டர் தூங்கினாலும் அவர் கை தூங்காது" என்று ஓவன் அண்ணன் கேலி பேசுவார். மாஸ்டருக்கு அது கேலியாகப் படவில்லை, பட்டமாகவே பட்டது.

அதிகாலையில் தொடங்கும் வேலை மதியத்தோடு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். அவளுக்கு இன்னும் மூன்று வயது நிரம்பவில்லை. பிறந்தபோதே கன்னம் இரண்டும் உப்பியிருந்ததைப் பார்த்து 'பன்னு' என்று மாஸ்டர் கூப்பிட்டார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தூக்கி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பார். சற்று நேரத்தில் கன்னத்தில் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிடும்.

முதலில் வெயில் மேல் பழி போட்டார்கள். பிறகு சோப்பை மாற்றினார்கள். அப்புறம் அவருடைய மீசை குத்துகிறது என்று மனைவி சொல்ல, கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்துவந்த மீசையை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டார். மீசை போனது, தடிப்பு போகவில்லை. முகம் மட்டும் யாரோ மாதிரி ஆகிவிட்டது என்று கடையில் எல்லாரும் சிரித்தார்கள்.

பாலைக் கண்டால் பூனை ஓடிவரும், பன்னு ஓடிப்போவாள். தாய்ப்பாலோடு நிறுத்திக்கொண்ட பிள்ளை அது. வேறு பாலைக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தப்பித்தவறி ஒரு வாய் உள்ளே போனால் வாந்தி வரும். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுக்கும் மனைவி, "பிடிக்காததத் திணிக்க வேணாங்க" என்று விட்டுவிட்டாள். விடாதவள் ஒருத்தி இருந்தாள். அவள் மாஸ்டரின் அக்கா.

அக்கா அடுத்த தெருவில் இருந்தாள். தாயில்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் அவள் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் கிடையாது. ஒரு நாள் மாலை வந்தவள், பால் வேண்டாம் என்று பிள்ளை ஓடியதைப் பார்த்தாள்.

"இதெல்லாம் நீங்க குடுக்கிற செல்லம். எங்கிட்ட குடு, எப்படிக் குடிக்குதுன்னு பாரு" என்று பன்னுவை மடியில் போட்டு, சர்க்கரை கலந்து, கதை சொல்லி, மூக்கைப் பிடித்து, அரை டம்ளர் குடிக்க வைத்துவிட்டாள். "பாத்தியா?" என்று தம்பி மனைவியைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

அந்த டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் பிள்ளையின் உதடு வீங்கிவிட்டது. கண் இமை, காது, கழுத்து என்று தடிப்பு பரவியது. குடித்த பால் முழுவதும் வெளியே வந்தது. அதோடு நிற்காமல் மூச்சு விடும்போது விசில் போல ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மாஸ்டர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

நல்லவேளை, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, பரிசோதனை எல்லாம் முடித்த பிறகு பிள்ளைகள் டாக்டர் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"உங்க பொண்ணுக்குப் பால் அலர்ஜி. ஜீரணக் கோளாறு இல்ல இது. பால்ல இருக்கிற புரதத்த இவ உடம்பு விஷம்னு தப்பா நினைச்சுக்கிட்டு சண்டைக்குப் போகுது. பால், தயிர், வெண்ணெய், சீஸ், பால் பவுடர் எதுவும் கூடாது. ஒரு துளிகூட."

"கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கினா சரியாகாதா டாக்டர்?" என்று மாஸ்டர் கேட்டார்.

"வீட்டுல நீங்களா அப்படிச் செஞ்சு பாக்கவே கூடாது. உயிருக்கு ஆபத்து. நிறையப் பிள்ளைங்களுக்கு வளர வளர இது போயிடும், சிலருக்குப் போகாது. இடையில இடையில பரிசோதனை பண்ணிப் பாக்கலாம். அதுவரைக்கும் ஜாக்கிரதைதான் மருந்து. அவசரத்துக்குத் தொடையில போட ஊசி தரேன், எப்பவும் கையில இருக்கணும்."

"நான் வயித்துல வெச்சிருந்தப்ப ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா டாக்டர்?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"நீங்களும் ஒண்ணும் பண்ணல, அவரும் ஒண்ணும் பண்ணல. யார் பண்ணின தப்பும் இல்ல இது" என்ற டாக்டர், மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

ஊரறிய நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பதிலை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குற்றவாளி போலச் சொன்னார். "பேக்கரியில மாஸ்டர்."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப முத்தம் குடுத்ததும் தடிக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்குக் காரணம் உங்க மேல ஒட்டியிருக்கிற பாலும் வெண்ணெயும்தான். வேலை முடிஞ்சு வந்தா குளிச்சு, துணி மாத்திட்டு, அப்புறமாப் பிள்ளையத் தூக்குங்க. அது போதும். இன்னொண்ணு, எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. சொந்தக்காரங்க, அக்கம்பக்கம், வேலை செய்யற இடம், எல்லா இடத்துலயும். மறைச்சு வெக்கிற விஷயமில்ல இது."

மாஸ்டர் தலையாட்டினார். தலையாட்டுவதில் என்ன சிரமம்?

மறுநாள் அக்கா வந்தாள். இரவெல்லாம் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தான் புகட்டிய பாலால்தான் பிள்ளைக்கு இந்தக் கதி என்று அவளுக்கும் உள்ளே உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் உறுத்தலைத் தாங்கிக்கொள்ளத் தெரியாதவர்கள் அதை இன்னொருவர் தலையில் இறக்கிவைப்பார்கள். அக்காவும் அதைத்தான் செய்தாள்.

"நம்ம வம்சத்துல பால் ஆகாதவங்கன்னு யாராச்சும் உண்டாடா தம்பி? மாசமா இருந்தப்ப இவ பாலே குடிக்கல. குடுத்தா குமட்டுதுன்னு ஓடினா. நான் அப்பவே சொன்னேன். அதான் பிள்ளைக்கு இப்படி வந்து நிக்குது."

மனைவி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டர் சொன்னது அவர் காதிலும்தான் விழுந்திருந்தது. 'அப்படி இல்லக்கா' என்ற இரண்டு வார்த்தை போதும். மாஸ்டரோ அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது ஏதோ இன்றைக்குத்தான் புதிதாகச் சுற்றுவது போல.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேரும் இரண்டு விதமாகத் துக்கப்பட்டார்கள். மனைவி பாத்திரங்களை எல்லாம் கொதிநீரில் போட்டெடுத்தாள். பால் புழங்கிய பாத்திரங்களை மூட்டை கட்டினாள். மளிகைக் கடையிலிருந்து வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் வெளிச்சத்தில் பிடித்து, எறும்பு மாதிரி அச்சிட்ட எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். சாதாரண பிஸ்கட்டில், சூப்புப் பொடியில், ஏன், சில மாத்திரையில்கூடப் பால் ஒளிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியவந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைத்தான் நாம் ஏமாளிகள் என்போம். வெளுக்காததிலும் பால் இருக்கும் என்று கற்றுக்கொண்ட பிறகு அவளுக்குச் சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வந்தது. அழுகை வந்தால் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஊசிக்கடியில் துணியே இல்லாமல் மிதிப்பாள். மெஷின் சத்தத்தில் அழுகைச் சத்தம் வெளியே கேட்காது.

மாஸ்டர் மறைத்தார். நீச்சல் சொல்லிக்கொடுப்பவன் பிள்ளைக்குத் தண்ணீர் ஆகாது என்றால் ஊர் சிரிக்காதா? அதுபோலத்தான் இதுவும் என்று அவருக்குத் தோன்றியது. "பன்னுக்கு ரெண்டு மில்க் பன் எடுத்துட்டுப் போங்க மாஸ்டர்" என்று ஓவன் அண்ணன் வழக்கம்போலக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார். மாஸ்டரும் வாங்கிக்கொள்வார். தெருமுனைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். "பாப்பாவுக்குப் புடிச்சுதா?" என்று மறுநாள் கேட்டால், "ஒண்ணு விடல" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு, நாளாக நாளாகச் சோறு நிறைய வேண்டியிருக்கும்.

வெட்கம் மட்டும் என்று சொன்னால் அவருக்கு அநியாயம் செய்தது ஆகும். அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெரிய ஏக்கம் இருந்தது. கொஞ்சிப் பேசத் தெரியாத மனிதர். யாரையாவது பிடித்துவிட்டால், ஏதாவது சுட்டுத் தட்டில் வைத்து அவர்கள் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விடுவார். மனைவியைப் பெண் பார்த்த பிறகு அவளுக்குக் கொடுத்தனுப்பியது ஒரு கேக்தான். பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கிய அன்றே, இவள் வளர்ந்ததும் இன்னின்ன செய்து தரவேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிவைத்துவிட்டார். இப்போது அவர் கையில் இருப்பது எதுவும் அவளுக்கு ஆகாது. தன் கை முழுவதும் விஷம் என்ற எண்ணம் அவரைத் தின்றது.

இந்த நிலையில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பால் இல்லாமல், வெண்ணெய் இல்லாமல், பன்னுக்கென்றே ஒரு பன்.

ஒரு நாள் கடையில் வேலை ஓய்ந்த நேரம். மாஸ்டர் மேசையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த புதுக் கிண்ணம், புதிதாகப் பிரித்த மாவு. பிசையும் மெஷினில் பழைய மாவு ஒட்டியிருக்கும் என்று கையாலேயே பிசைந்தார். பாலுக்குப் பதில் தண்ணீர், வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். உப்பி வந்ததும் உருட்டி, தனித் தட்டில் காகிதம் விரித்து வைத்தார்.

"என்ன மாஸ்டர், தனியாவர்த்தனம் நடக்குது?" என்றார் ஓவன் அண்ணன்.

"ஒண்ணுமில்ல, ஒரு ஆர்டர்."

"யாருக்கு?"

"தெரிஞ்சவங்களுக்கு."

ஓவன் அண்ணன் அதற்குமேல் கேட்கவில்லை. பன்கள் பொன்னிறமாக வெந்து வந்தன. தட்டை இழுத்து மேசையில் வைத்தார். மாஸ்டருக்கு மனம் நிறைந்துபோயிற்று. பன்னு அதை இரண்டு கையாலும் பிடித்துக் கடிப்பதும், பன் துணுக்கு மோவாயில் ஒட்டுவதும் கண்முன் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் எங்கேயோ இருந்தார். கை மட்டும் இங்கேயே இருந்தது. தூங்காத கை அல்லவா? அது பக்கத்திலிருந்த கிண்ணத்தில் பிரஷ்ஷைத் தோய்த்து, எத்தனையோ வருடமாகச் செய்துவருவதைச் செய்து முடித்தது. பன்கள் பளபளத்தன. ஓவன் அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மாஸ்டர் பன்னுக்கு வெண்ணெய் பூசுவதில் என்ன அதிசயம்?

வீட்டுக்கு வந்து, குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு, மனைவியிடம் பொட்டலத்தை நீட்டினார். "நானே செஞ்சேன். பால் இல்ல, வெண்ணெய் இல்ல. கிண்ணம்கூடப் புதுசு."

மனைவி பன்னைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. கடைப் பொட்டலத்தில் எழுத்தைப் படிக்கிறவள், கணவன் வாய்ச்சொல்லை அப்படியே நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்?

பன்னு அதை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தாள். "அப்பா பன்னு" என்று சொல்லிச் சிரித்தாள். மூன்றாவது கடியில் நிறுத்திவிட்டு நாக்கை வெளியே நீட்டித் தேய்த்துக்கொண்டாள். அப்புறம் இருமினாள். உதடு தடித்தது.

மாஸ்டர் கல்லாய் நின்றுவிட்டார். மனைவி நிற்கவில்லை. அலமாரியிலிருந்து ஊசியை எடுத்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி பிள்ளையின் தொடையில் அழுத்தினாள். "ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க!" என்று அவள் கத்திய பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு மூச்சு சீராக நேரம் பிடித்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லாரும் பெருமூச்சு விட்ட பிறகு டாக்டர் கேட்டார், "என்ன சாப்பிட்டா?"

மாஸ்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, சர்க்கரை, ஈஸ்ட்.

"மேல ஏதாவது தடவினீங்களா?"

"இல்ல டாக்டர்" என்று சொல்ல வாயெடுத்தவர் தன் வலது கையைப் பார்த்தார். தட்டு, கிண்ணம், பிரஷ் எல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. ஆஸ்பத்திரி நடைபாதையில், எல்லாரும் பார்க்க, தன் கையைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டார். மனைவிதான் பிடித்து உட்காரவைத்தாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மனைவி தேற்றினாள். டாக்டரும் திட்டவில்லை. ஆனால் மாஸ்டர் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிவிட்டார். அன்றிலிருந்து பிள்ளையைத் தொடுவதில்லை. வேலை முடிந்து வந்து ஒரு முறைக்கு இரு முறை குளித்துவிட்டு, வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பன்னு ஓடிவந்தால் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவார். படுக்கையையும் முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். "தூக்குப்பா" என்று அவள் கையை நீட்டினால், "அம்மாகிட்ட போடா கண்ணு" என்பார். இரண்டு நாள் அழுதாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

கடைசியில் ஒரு நாள் முதலாளியிடம் போய், வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றார்.

"ஏன் மாஸ்டர், வேற கடையில கூப்பிட்டாங்களா?"

"இல்லங்க. இந்தத் தொழிலே வேணாம். எங்கயாவது மூட்டை தூக்கப் போறேன்."

முதலாளி விடவில்லை. காரணம் சொன்னால்தான் ஆச்சு என்று உட்காரவைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் மாஸ்டர் வாயைத் திறந்தார். முதல் நாள் டாக்டர் சொன்னதிலிருந்து, காவலாளிக்குக் கொடுத்த பன், பொய் ஆர்டர், பிரஷ், ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

கேட்டுக்கொண்டிருந்த ஓவன் அண்ணனுக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. "அன்னிக்குத் தனியாச் செஞ்ச பன் நம்ம பாப்பாவுக்கா? ஏன் மாஸ்டர், உங்களுக்கு வாய் எங்க போச்சு? ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா, நீங்க பிரஷ்ஷ எடுத்தப்பவே கையப் புடிச்சிருப்பேனே! பக்கத்துல மரம் மாதிரி நின்னு வேடிக்கை பாத்துட்டு இருந்தேனே!" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாஸ்டர் எதிர்பார்த்த சிரிப்பு அந்த அறையில் யார் முகத்திலும் இல்லை.

"வேலைய விட்டா அலர்ஜி போயிடுமா?" என்றார் முதலாளி. "மூலையில ஒரு மேசை ஒதுக்கிக்கோங்க. அதுல பால் வெண்ணெய் எதுவும் வரக்கூடாது. தட்டு, பிரஷ் எல்லாம் தனி. நீங்க செய்யறப்ப இவன் கூடவே நிக்கட்டும். இப்பப் போய்க் குளிச்சுட்டுப் பிள்ளையப் பாருங்க, போங்க."

மாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது அக்கா வந்திருந்தாள். இரண்டாம் தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளையின் வீங்கிய முகத்தைப் பார்த்ததிலிருந்து 'கொஞ்சூண்டு பால் என்ன செய்யும்' என்ற பேச்சை அவள் விட்டுவிட்டாள். மாஸ்டர் குளித்து, சட்டை மாற்றி, வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளையைத் தூக்க ஆசை. ஆனால் பயம் அவர் கையைப் பின்னால் இழுத்தது.

பன்னு குளியலறைப் பக்கமிருந்து மெதுவாக வந்தாள். முழங்கை வரை நனைந்திருந்தது. விரலிடுக்கில் இன்னும் சோப்பு நுரை. ஓடிவரவில்லை. கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்து அப்பாவுக்குக் காட்டினாள்.

"கை கழுவிட்டேன்பா."

"எதுக்குடா கண்ணு?"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். அழுக்குப் போயிடுச்சு. இப்பத் தூக்குறியா?"

மாஸ்டருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. தன் கை சுத்தமில்லை என்று அவர் ஒதுங்கி நின்றார். பிள்ளையோ, தான்தான் அழுக்கு, அதனால்தான் அப்பா தொடுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. பாலைவிட அதிகமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது இதுதான்.

மெஷினிலிருந்து மனைவி எழுந்து வந்தாள். அவள் குரல் உயரவில்லை. "அவளுக்கு ஆகாதது பால்தாங்க. அப்பா இல்ல. குளிச்சாச்சு, துணி மாத்தியாச்சு, இன்னும் என்ன பயம்? பயந்து பயந்து நீங்க அங்க உக்காந்துட்டீங்க. நான் இங்க தனியா எல்லாத்தையும் சுமந்துட்டிருக்கேன். பாதிப் பயம் உங்களோடது, பாதி என்னோடது. சேர்ந்து பயப்படலாம், வாங்க."

மாஸ்டர் குனிந்து மகளைத் தூக்கினார். ஈரக்கை இரண்டும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டன. அவர் வெட்கப்படாமல் அழுதார். ஏன் அழுகிறாய் என்று பன்னு கேட்டாள். கண்ணில் சோப்புப் பட்டுவிட்டது என்றார். அது மட்டும்தான் அன்றைக்கு அவர் சொன்ன பொய்.

அக்காவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கித் தான் வந்த விஷயத்தைச் சொன்னாள். "தம்பி, அடுத்த வாரம் என் பையன் பிறந்தநாள். கேக்கு, ஐஸ்கிரீம்னு ஏகப்பட்டது இருக்கும். யாராவது தெரியாம ஊட்டிட்டா வம்பாயிடும். அதனால பன்னு மட்டும் வர வேணாம். நீ மட்டும் வந்துட்டுப் போ. தப்பா நினைக்காத."

முன்பு பால் ஒன்றும் செய்யாது என்று மூக்கைப் பிடித்துப் புகட்டியவள், இப்போது பிள்ளையே வேண்டாம் என்கிறாள். இரண்டும் வேறு வேறு போலத் தெரியும். கூடக் கொஞ்சம் சிரமப்பட மனம் வராதவர்கள் செய்கிற காரியம்தான் இரண்டும். மனைவி பழையபடி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். இந்தத் தடவை மாஸ்டர் மின்விசிறியைப் பார்க்கவில்லை.

"அக்கா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். பிள்ளைக்கு இது வந்ததுக்கு இவ காரணமில்ல, நீயும் காரணமில்ல, யாரும் காரணமில்ல. டாக்டரே சொல்லிட்டாங்க. நான் வாயத் திறக்காம உக்காந்திருந்தேன் பாரு, அது என் தப்பு. கடையில மறைச்சேன், அதனாலதான் பிள்ளை சாகப் பொழைக்கக் கிடந்தா. நோய்ல இல்லக்கா தப்பு. அதச் சொல்ல வெக்கப்பட்டதுலதான் தப்பு."

அக்கா தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிறந்தநாள் கேக்கு நான் செய்யறேன். பாலும் இல்லாம, வெண்ணெயும் இல்லாம. என் கை மறந்தா புடிச்சு நிறுத்தப் பக்கத்துல ஆள் இருக்கு. வர்றவங்க எல்லார்கிட்டயும் வாசல்லயே நான் சொல்றேன், எம் பொண்ணுக்குப் பால் ஆகாது, யாரும் எதுவும் ஊட்டாதீங்கன்னு. பன்னு வருவா, எல்லாப் பிள்ளைங்களோடயும் உக்காந்து சாப்பிடுவா." பேசிக்கொண்டே மகளைத் தோளில் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "டாக்டர் ஒதுக்கி வெக்கச் சொன்னது பாலத்தான்க்கா. பிள்ளைய இல்ல."